41 லட்சத்துக்கு வாங்கி 26-க்கு வித்த கதை

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை, என் ரெண்டு டோர் வண்டிய ஒரு மதுரைக்காரருக்கு 26 லட்சத்துக்கு கொடுத்தேன். வாங்குனது 2022 பிப்ரவரில, 41 லட்சம். பிராண்ட் பேர் சொல்லல, சொன்னா பேச்சு அந்தப் பக்கம் போயிடும். ஜெர்மன் கம்பெனி, 2 லிட்டர் டர்போ பெட்ரோல், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், 2018 மாடல், இவ்வளவு போதும். இதே மாதிரி வண்டி மேல கண்ணு வெச்சிருக்கவங்களும், வீட்ல நிறுத்தி வெச்சுட்டு "நல்ல ரேட் வரட்டும்"னு உக்காந்திருக்கவங்களும் படிக்கட்டும்னுதான் எழுதறேன்.

முதல்ல வாங்குன கதை, ஏன்னா தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது. 2022 ஆரம்பம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குங்களா, கொரோனா முடிஞ்சும் முடியாம இருந்த நேரம், உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு, புது வண்டி புக் பண்ணா ஆறு மாசம் எட்டு மாசம் வெயிட்டிங், அதனால பழைய வண்டிக்கெல்லாம் ஏகப்பட்ட கிராக்கி. நான் பாத்த வண்டி சென்னை ரிஜிஸ்ட்ரேஷன், 19,000 கிலோமீட்டர், செகண்ட் ஓனர். டீலர் 43 சொன்னார், பேசி 41-க்கு முடிச்சேன், ரெண்டு லட்சம் குறைச்சுட்டோம்னு பெருமை வேற. அதே வண்டி ரெண்டு வருஷம் முன்னாடி என்ன ரேட்டுக்கு போயிட்டு இருந்துச்சுன்னு ஒரு தடவை கூட நான் விசாரிக்கல. 21 லட்சம் கையில இருந்து, மீதி 20 லட்சத்துக்கு யூஸ்டு கார் லோன், 11%, நாலு வருஷம். மாசம் ஐம்பத்தி ஒண்ணாயிரத்து சொச்சம் ஈஎம்ஐ.

ஒரு சின்ன விஷயம், 10 லட்சத்துக்கு மேல வண்டிய டீலர்கிட்ட வாங்கினா டிசிஎஸ்னு 1% வரியை முன்கூட்டியே பிடிப்பாங்க, எனக்கு 41,000 பிடிச்சாங்க. நெறைய பேர் அதை செலவுன்னு நெனச்சு விட்டுடறாங்க. இன்கம் டாக்ஸ் சைட்ல 26ஏஎஸ்-ங்கற வரிக் கணக்குல உங்க பான் நம்பர்ல ஏறியிருக்கான்னு பாத்து இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். என் ஆடிட்டர் சொல்லலைன்னா நானும் விட்டிருப்பேன்.

ஓட்டுன சந்தோஷத்தை பத்தி பொய் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு கெளம்பி எங்க கோயம்புத்தூர் நீலாம்பூர் பைபாஸ்ல ஒரு ரவுண்டு, திரும்பி வந்து ஒரு ஃபில்டர் காபி, அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் பூரா மில் ஸ்பேர்ஸ் பில்லிங் பாக்கலாம். ரெண்டு தடவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்குக்கும் எடுத்துட்டுப் போனேன். ஆனா மீதி ஆறு நாள் வண்டி கவருக்குள்ளதான். காரணம் அவினாசி ரோடு. 2020-ல இருந்து மேம்பால வேலை நடந்துட்டு இருந்துச்சு, என் ஆபீஸ் அந்த ரோட்லதான், கீழ டைவர்ஷன், பள்ளம், மண்ணு, நடுவுல ஒரு ஸ்பீட் பிரேக்கர். அந்த ஸ்பீட் பிரேக்கரை குறுக்கா, ஒவ்வொரு வீலா ஏத்தி எறக்குவேன், பின்னாடி நிக்கற பஸ்காரர் ஹாரனை விட்டு கையே எடுக்க மாட்டார். அப்படி ஒரு நாள் தூணுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு டூவீலர் நுழைஞ்சு வலது பக்க முன் ஃபெண்டர்ல ஒரு முழ நீளத்துக்கு கோடு போட்டுட்டு போயிட்டான். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பண்ணா நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாதவங்களுக்கு பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி, போயிடும்னு கைக்காசு போட்டு பெயின்ட் அடிச்சேன். இந்த பெயின்ட் பின்னாடி திரும்பி வரும்.

2024 மே-ல கியர்பாக்ஸ். ஒரு நாள் ரிவர்ஸ் விழல, டேஷ்போர்டுல ஸ்பேனர் சிம்பல், வண்டி நியூட்ரல்ல நின்னுடுச்சு, பிளாட்பெட் வெச்சு தூக்கிட்டுப் போனாங்க. கியர்பாக்ஸை கன்ட்ரோல் பண்ற எலக்ட்ரானிக் யூனிட் போச்சு, பார்ட் வெளிநாட்ல இருந்து வரணும்னு ஏழு வாரம், பில் 3.2 லட்சம். வாரன்டி முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆயிருந்துச்சு. எக்ஸ்டென்டட் வாரன்டி போட சான்ஸ் இருந்தப்ப, "மாசத்துக்கு 250 கிலோமீட்டர் ஓட்டறவனுக்கு எதுக்கு"ன்னு போடல. இந்த மாதிரி வண்டில கம்மியா ஓட்டினா செலவும் கம்மின்னு நெனைக்கறது பெரிய ஏமாளித்தனம்ங்க. ரப்பர், ஆயில், பேட்டரி, டயர் எல்லாத்துக்கும் வயசுதான் கணக்கு. என் டயர்ல பாதி பட்டன் இருந்துச்சு, ஆனா சைடுல வெடிப்பு, நாலையும் மாத்த 1.3 லட்சம்.

அந்த ஏழு வாரம்தான் விக்கலாம்னு யோசிக்க வெச்சுது. ஆகஸ்ட்ல எனக்கு ரொம்ப நாளா தெரிஞ்ச ஒரு புரோக்கர் அண்ணனை கூப்பிட்டேன். வந்து பாத்துட்டு, "33-க்கு பார்ட்டி ரெடியா இருக்குதுங்க, இந்த வாரமே முடிச்சுக்கலாம்"னார். எனக்கு கோவம். இன்ஷூரன்ஸ் பேப்பர்ல ஐடிவி, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டிக்கு போடற மதிப்பு, அதை எடுத்து காட்டினேன், பாருங்கண்ணா ஐடிவியே 36 போட்டிருக்கான், கம்பெனியே ஒத்துக்கிட்ட விலைன்னேன். அவர் சிரிச்சார். "தம்பி, அது வண்டி காணாம போனா அவன் குடுக்கற ரேட்டு. வாங்கறவன் குடுக்கற ரேட்டு வேற."

அவர் சொன்னது எவ்வளவு சரின்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அஞ்சு வயசு வரைக்கும் ஐடிவிக்கு ஒரு தேய்மான அட்டவணை இருக்கு, முதல் ஆறு மாசத்துக்கு 5%, ஒரு வருஷம் வரைக்கும் 15, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணா 20, 30, 40, 50%. அஞ்சு வயசு தாண்டிட்டா நீங்களும் கம்பெனியும் பேசி வெச்சுக்கறதுதான். நான் ஐடிவி ஏத்தி வெச்சு பிரீமியம் கூட கட்டிட்டு, அந்த நம்பரையே மார்க்கெட் ரேட்டுன்னு நம்பிட்டு இருந்திருக்கேன். அன்னிக்கு 36-க்கு கீழ கிடையாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். 33-ல ஒரு லட்சம் கம்மியா சொல்லியிருந்தாலும் இன்னிக்கு எனக்கு தேவாமிர்தம்.

2025 மார்ச்ல திரும்ப கேட்டப்ப 29. அந்த தடவை வந்தவங்க நிஜமா வாங்கற ஐடியால வந்தவங்க, கூட ஒரு பையனை செக் பண்ண கூட்டிட்டு வந்தாங்க. இருபத்தஞ்சு வயசு இருக்கும், முதுகுல ஒரு பேக், ஒரு வார்த்தை பேசல. பேக்ல இருந்து சோப்பு டப்பா சைஸ்ல ஒரு மீட்டர் எடுத்தான், பெயின்ட் கனம் பாக்கறது. பானெட்ல வெச்சான், 118. இடது டோர், 124. ரூஃப், 115. வலது ஃபெண்டர், பீப்னு 310, மறுபடி பெயின்ட் அடிச்ச இடம். நிமிந்து என்னை பாத்தான். டூவீலர் கதைய நான் சொல்ல ஆரம்பிக்கறதுக்குள்ள அவன் குனிஞ்சு பம்பர் உள்பக்கம் டார்ச் அடிச்சு போல்ட் தலைல ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கான்னு பாத்துட்டு இருந்தான். அப்புறம் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்து அடிநுனிய மோந்து பாத்தான், சேத்து வாடை இருக்கான்னு. டிக்கில ஸ்டெப்னி குழிய தூக்கி விரலால தடவினான். சென்னை ரிஜிஸ்ட்ரேஷன்ங்கறதால இது. 2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டுலயும் முங்குன வண்டிங்க கழுவி தொடைச்சு மார்க்கெட்டுக்கு வந்திருக்கு. என் வண்டி முங்கல, ஆனா அதை நிரூபிக்க வேண்டியது நான்.

கடைசியா ஸ்கேனரை மாட்டினான். மீட்டர்ல காட்ற கிலோமீட்டரை யார் வேணா குறைச்சுடலாம், ஆனா கியர்பாக்ஸ் யூனிட், இன்ஜின் யூனிட்ல எல்லாம் தனித்தனியா ஓட்டம் பதிவாகும், அதெல்லாம் ஒத்துப்போகுதான்னு பாக்கறாங்க. என்னோடதுல கியர்பாக்ஸ் யூனிட் வெறும் 1,900 கிலோமீட்டர் காட்டுச்சு, புதுசா மாத்தினது இல்லையா. அந்த பில் மட்டும் ஃபைல்ல இல்லாம இருந்திருந்தா, என்னை திருட்டுப்பய லிஸ்ட்ல சேத்திருப்பான். வண்டிக்கு போட்ட ஒவ்வொரு ரூபாக்கும் பில் வெச்சிருங்க, ஜெராக்ஸ் இல்ல, ஒரிஜினல். எனக்கு 3.2 லட்சத்துக்கு கியர்பாக்ஸ் மாத்தினதுக்காக விலை ஒரு ரூபா கூட ஏறல, ஆனா பில் இல்லைன்னா ரெண்டு லட்சம் எறங்கியிருக்கும்.

அந்த பார்ட்டி 29 சொல்லி, ஃபெண்டருக்கு ஒண்ணு கழிச்சு 28-ன்னாங்க. நான் திரும்பவும் மாட்டேன்னேன். ஆமாங்க, திரும்பவும்.

ஏன் இப்படி எறங்குதுன்னு அப்புறம் உக்காந்து யோசிச்சதுல, என் வண்டிக்கு ஒண்ணும் ஆகல, சுத்தி இருக்கறதுதான் மாறிட்டு இருந்துச்சு. 2018-ல நின்ன இடத்துல இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை அஞ்சரை செகண்டுல தொடற வண்டின்னா அறுபது லட்சம் எடுத்து வைக்கணும். 2024 மார்ச்ல பிஒய்டி சீல்னு எலக்ட்ரிக் கார் வந்துச்சு, டாப் வேரியன்ட் 53 லட்சம், 530 குதிரைத்திறன், 3.8 செகண்ட், நாலு டோர், அஞ்சு பேர் உக்காரலாம். அதே வருஷம் நவம்பர்ல மஹிந்திரா பிஇ 6 காட்டினாங்க, 18.9 லட்சத்துல ஆரம்பம், டாப் பேட்டரில 6.7 செகண்ட். எலக்ட்ரிக்குக்கு ஜிஎஸ்டி 5% மட்டும். வேகம்ங்கற சரக்கே சல்லிசா போச்சு. சத்தத்துக்கும் ஸ்டியரிங் ஃபீலுக்கும் காசு குடுக்கற ஆளுங்க இருக்காங்கதான், ஆனா ஊர்ல அந்த மாதிரி பத்து பேர், அதுல எட்டு பேர்கிட்ட ஏற்கனவே வண்டி இருக்கு. இவங்க வாங்கறது போர்ஷே 911 மாதிரி பேரு போன வண்டிங்க, அதுக்கெல்லாம் ரேட் அவ்வளவு சீக்கிரம் விழறதில்ல. விழறது என்னோடது மாதிரி நடுவாந்தரம்தான், ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லிக்கலாம், ஆனா போஸ்டர்ல ஒட்டி வெக்க மாட்டாங்க.

இன்னொரு பக்கம் டெல்லி சரக்கு. அங்க பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம், டீசலுக்கு 10 வருஷம்னு ரூல், அதனால வயசு ஏற ஏற வண்டிய வெளி மாநிலத்துக்கு தள்ளி விடுவாங்க. 2025 ஜூலை 1-ல இருந்து வயசான வண்டிக்கு பங்க்ல பெட்ரோலே ஊத்த மாட்டோம்னாங்க, ரெண்டு மூணு நாள்ல நிறுத்தி வெச்சுட்டாங்க, ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் இப்போதைக்கு நடவடிக்கை வேண்டாம்னு சொல்லுச்சு, ஆனா பயந்தவங்க பயந்தவங்கதான். ஆன்லைன்ல டெல்லி ரேட்டை பாத்துட்டு இங்க வந்து "அங்க இவ்வளவுதானே"ன்னு கேப்பாங்க. அந்த ரேட்டை நம்பி போறவங்களுக்கு ஒண்ணு. என் ஃபிரண்ட் ஒருத்தன் போய் பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்கற நேரத்துல ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டான். இங்க லைஃப் டாக்ஸ் போடறது நீங்க டெல்லிக்காரனுக்கு குடுத்த விலைல இல்ல, வண்டியோட ஒரிஜினல் பில் விலைய வெச்சு, வயசுக்கு ஏத்த மாதிரி. 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேல உள்ள புது வண்டிக்கு 20% ஆக்கிட்டாங்க, பழசுக்கும் அதையொட்டி ஏறுச்சு. அங்க மிச்சமாகற காசு இங்க வரியா போயிடும், மேல என்ஓசிங்கற தடையில்லா சான்றுக்கு அலைச்சல். அவன் அட்வான்ஸ் குடுக்காம ஃப்ளைட் ஏறி வந்துட்டான், டிக்கெட் காசு மட்டும் தண்டம்.

ஆனா எனக்கு விழுந்த பெரிய அடி ஆகஸ்ட் 15. பிரதமர் சுதந்திர தினத்துல பேசறப்ப தீபாவளிக்குள்ள ஜிஎஸ்டி மாத்தறோம்னு சொன்னார். மறுநாள்ல இருந்து போனே வரல. வண்டி வாங்கற யோசனைல இருந்தவன் எல்லாம் அப்படியே நின்னுட்டான், புது வண்டி விலை குறையுமா, எவ்வளவு குறையும்னு. செப்டம்பர் 3-ந் தேதி கவுன்சில் கூடி சொன்னாங்க, 22-ல இருந்து அமல். சொகுசு வண்டிக்கு 28% வரியும் மேல செஸ்ஸும் சேந்து 50% வரைக்கும் போயிட்டு இருந்தது, செஸ்ஸை எடுத்துட்டு நேரா 40%-னு வெச்சாங்க. பேரு என்னமோ 40%, புதுசா கேக்கறவங்க வரி ஏறிடுச்சுன்னு நெனைப்பாங்க, நெஜத்துல எறங்குச்சு. ஜெர்மன் கம்பெனிங்க எல்லாம் லட்சக்கணக்குல விலைய குறைச்சு லிஸ்ட் விட்டாங்க. புதுசு அஞ்சு லட்சம் எறங்கினா, ஏழு வயசு பழசு அதே விகிதத்துல எறங்கும்னுதான் நான் கணக்கு போட்டேன். அப்படி இல்ல. பழசு வாங்கறவன், வாரன்டி இல்லாத பயத்துக்கு ஒரு தொகை கழிக்கறான், அது மேல இதையும் கழிக்கறான். ஜூலை மாசம் பிரிட்டனோட வேற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, 110% வரைக்கும் இருந்த இறக்குமதி வரி ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்கு படிப்படியா 10% ஆகும்னு. என்னோடது ஜெர்மன் வண்டி, அதுக்கு நேரடியா சம்பந்தமே இல்ல. ஆனா வந்த ஒருத்தர், "அடுத்து ஐரோப்பாவுக்கும் பேசிட்டு இருக்காங்களாம், இன்னும் எறங்கும் சார்"னு சொல்லிட்டே விலை கேட்டார். 24.

அன்னிக்கு ராத்திரிதான் வீட்டுக்காரம்மா நோட்டை எடுத்தாங்க. "சொல்லுங்க, நான் எழுதறேன்." 26-க்கு போச்சுன்னே வெச்சுக்கலாம், விலைல நட்டம் 15. லோன் வட்டி 4.8. இன்ஷூரன்ஸ் நாலு வருஷத்துக்கு சேத்து நாலு. கியர்பாக்ஸ் 3.2, டயர் 1.3, சர்வீஸ் எல்லாம் சேத்து 2.1, பேட்டரி பெயின்ட் சில்லறை ஒரு 40,000. மொத்தம் 30 லட்சத்து 80,000. ஓட்டுனது 11,000 கிலோமீட்டர். போன்ல கால்குலேட்டரை தட்டி என் பக்கம் திருப்பினாங்க, 280. ஒரு கிலோமீட்டருக்கு 280 ரூபா, பெட்ரோல் சேக்காம. "நீலாம்பூர் போய் காபி குடிச்சுட்டு வர ஆறாயிரமாங்க?"ன்னு கேட்டாங்க. கிண்டல் கூட இல்ல, நெஜமாவே கணக்குதான் கேட்டாங்க. எனக்கு பதில் இல்ல.

மறுநாள் புரோக்கர் அண்ணனுக்கு போன் பண்ணி, வர்ற நல்ல ரேட்டுக்கு முடிச்சுடுங்கன்னு சொல்லிட்டேன். யூஸ்டு கார் ஷோரூம்ல ஒரு இடத்துல 24.5 சொன்னாங்க. அவங்க அதை 28-க்கு விப்பாங்க, நடுவுல இருக்கற லாபத்துக்கு 18% ஜிஎஸ்டி கட்டணும், பாலிஷ், வாரன்டி, இடத்து வாடகைன்னு இருக்கு, அதனால அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. தனியாள் தனியாளுக்கு வித்தா அந்த ஜிஎஸ்டி இல்ல, அந்த வித்தியாசத்தை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம், அதான் 26. மதுரைக்காரர் டாக்டர், இந்த மாடல் தெரிஞ்சவர், ஃபெண்டர் 310-ஐ பாத்துட்டு "ஸ்க்ராட்ச்தானே"ன்னு விட்டுட்டார். கியர்பாக்ஸ் பில்லைத்தான் ரெண்டு தடவை படிச்சார்.

விக்கறவங்க பேப்பர் விஷயத்துல அலட்சியமா இருக்காதீங்க. பேங்க்ல மீதி நாலு ஈஎம்ஐய மொத்தமா கட்டி என்ஓசியும், ஆர்சில இருந்து பேங்க் பேரை எடுக்கற ஃபார்ம் 35-ம் வாங்க எனக்கு ஒம்பது நாள் ஆச்சு, பார்ட்டி வந்தப்புறம் ஆரம்பிச்சா அவர் மனசு மாறிடும், முன்னாடியே முடிச்சு வெச்சுக்கங்க. பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்து போட்டு, தேதியோட நேரமும் எழுதின டெலிவரி நோட் ஒண்ணு, வாங்கறவர் ஆதார் காப்பில அவர் கையெழுத்து. டீலர்கிட்ட விட்டா, 2023-ல இருந்து ஃபார்ம் 29சி-ன்னு ஒண்ணு இருக்கு, வண்டிய டீலர்கிட்ட ஒப்படைச்சாச்சுன்னு ஆர்டிஓக்கு தெரியப்படுத்தறது, அதைக் கேட்டு வாங்கிருங்க, இல்லைன்னா அவங்க வித்து முடிக்கற வரைக்கும் எவன் எங்க இடிச்சாலும் உங்க பேர்தான். நோ கிளெய்ம் போனஸ் உங்களோடது, வண்டியோடது இல்ல. நான் கிளெய்ம் பண்ணாம காப்பாத்துன 35%-க்கு லெட்டர் வாங்கி வெச்சிருக்கேன், மூணு வருஷத்துக்குள்ள அடுத்த வண்டிக்கு போட்டுக்கலாம். 15 லட்சம் போன இடத்துல இது எம்மாத்திரம்னு கேட்டா, ஆமாதான்.

இவ்வளவும் பண்ணிட்டு ஃபாஸ்டேக்கை க்ளோஸ் பண்ண மறந்துட்டேன். அன்னிக்கு சாயங்காலம் கொடைரோடு டோல்ல காசு பிடிச்சுட்டாங்கன்னு எனக்கு எஸ்எம்எஸ். வண்டி பத்திரமா மதுரைய நெருங்கிடுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

வாங்கற பக்கம் இருக்கவங்களுக்கு, என்னைக் கேட்டா இப்ப அந்த 26-ங்கறது மோசமான ரேட் இல்ல. நான் 41-க்கு வாங்குனதுதான் மோசம். ஆனா வண்டி விலைல கால்வாசிய தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் வாங்கணும், முதல் வருஷமே கியர்பாக்ஸோ சஸ்பென்ஷனோ கேக்கும். லோன்ல வாங்கவே வாங்காதீங்க, ஏன்னா வண்டி விலை எறங்கற வேகத்துல அசல் எறங்காது, ஒரு கட்டத்துல வித்தாலும் லோன் அடையாதுன்னு நிக்கும். டயர் சைடுல கடைசி நாலு நம்பரை படிங்க, 2217-ன்னு இருந்தா 2017-ல 22-வது வாரம் செஞ்சது, ஏழெட்டு வயசு டயரோட ஒருத்தர் ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கார்னா மத்த செலவையும் எப்படி தள்ளிப் போட்டிருப்பார்னு புரிஞ்சுக்கங்க. ஆர்சில எத்தனாவது ஓனர்னு பாருங்க, மூணைத் தாண்டினா நீங்க விக்கறப்ப ஆளே கிடைக்காது. முக்கியமா, நீங்க கடைசியா பாத்த விலை எப்ப கேட்ட விலைன்னு பாருங்க. நான் 2024 ஆகஸ்ட் விலைய 2025 ஆகஸ்ட் வரைக்கும் மனசுல வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.

வண்டி போன அஞ்சாவது நாள், அக்டோபர் 9, அவினாசி ரோடு மேம்பாலத்தை திறந்தாங்க. ஜி.டி. நாயுடு பேரு வெச்சிருக்காங்க, உப்பிலிபாளையத்துல ஏறினா கோல்டுவின்ஸ்ல எறங்கறது, 10.1 கிலோமீட்டர். அந்த ஞாயித்துக்கிழமை ஊரே வேடிக்கை பாக்கப் போச்சு, நாங்களும் போனோம். ஒரு சிக்னல் இல்ல, ஒரு பள்ளம் இல்ல, தார் ரோடு தண்ணி மாதிரி கெடக்குது. வேகன்ஆர்ல, 60-ல, இடது ஓரமா. வீட்டுக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி சிரிக்கறது கண்ணாடில தெரிஞ்சுது.